26,000 ரூபாய் வண்டியும் 450 ரூபாய் பல்பும்

ஆடி மாதத்தில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். அதனால்தான் அந்த ஸ்ப்ளெண்டர் பிளஸ் எனக்கு 26,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2013 மாடல், டிஎன் 29 நம்பர், கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. விற்றவர் முப்பதாயிரத்தில் ஆரம்பித்தார், அம்மா "ஆடியில போய் வண்டியா" என்று ஆரம்பித்தார். இருவரையும் ஒரே வாரத்தில் சமாளித்து, பணத்தை ஆடியில் கொடுத்து, வண்டியை ஆவணி பிறந்த பிறகு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அம்மா எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார், ஏற்றினேன், அந்தச் சின்னச் சத்தத்திலேயே பின்டயர் எவ்வளவு கல்லாகிக் கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளி. வேலை ஓசூரில், ஷிப்ட். கம்பெனி பஸ் ராயக்கோட்டை வரைக்கும்தான் வரும். முதல் ஷிப்ட் என்றால் விடியற்காலை நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், இரண்டாவது ஷிப்ட் என்றால் ராத்திரி பன்னிரண்டு தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டியை எடுக்க வேண்டும். மெயின் ரோடு பரவாயில்லை, தக்காளி ஏற்றின வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் வரும் ஏழு கிலோமீட்டர்தான் பிரச்சினை. ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் ராகிக் கொல்லை, தெருவிளக்கு என்ற பேச்சே இல்லை. ராகி கதிர் முற்றுகிற மாதங்களில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம் காட்டுப் பக்கமிருந்து யானை இறங்கும். இருட்டில் ரோட்டில் நிற்கிற யானையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாரும் அதுவும் ஒரே நிறம், பக்கத்தில் போகிறவரை சும்மா கொஞ்சம் கனமான இருட்டு மாதிரிதான் இருக்கும்.

அதனால் முதல் சம்பளத்தில் நான் கை வைத்தது லைட்டில். டயரில் வைத்திருக்க வேண்டும், அது அப்போது புரியவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் எல்இடி பல்பு வாங்கினேன், 450 ரூபாய். டப்பாவில் நாற்பது வாட், எட்டாயிரம் லூமன், ஆறாயிரம் கெல்வின் என்று போட்டிருந்தது. லூமன் வெளிச்சத்தின் அளவு, கெல்வின் அதன் நிறம். வண்டியோடு வந்த 35 வாட் ஹாலஜன் ஆயிரம் லூமனைக்கூடத் தொடாது, அப்படியென்றால் எட்டு மடங்கு வெளிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். கடைப் பையன் ஐந்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தான். பல்புக்குப் பின்னால் இருந்த குட்டி ஃபேன் டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், உட்காரவில்லை என்று ரப்பர் மூடியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டான். நானும் சரி என்று வந்துவிட்டேன். மூடி இல்லாத அந்த ஓட்டை வழியாக மூன்றே வாரத்தில் ரிஃப்ளெக்டர் முழுக்கச் செம்மண் படிந்தது தனிக் கதை.

வீட்டுக்கு வந்து கிக்கர் அடித்துப் பார்த்தால் லைட் படபடவென்று துடிக்கிறது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் துடிப்பு நிற்கிறது, விட்டால் மறுபடி துடிக்கிறது. என் மாதிரி பழைய ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் 450 ரூபாய் மிஞ்சும்.

இந்த வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜினோடு சுற்றி கரண்ட் தயாரிக்கிற மேக்னெட்டில் இருக்கிற காயிலிலிருந்து வரும் ஏசி கரண்ட் நேராக லைட்டுக்குப் போகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியில், அதாவது டிசியில். ஆகவே இன்ஜின் ஸ்லோவில் இருந்தால் லைட் மங்கும், ரேஸ் பண்ணினால் ஏறும். ஹாலஜன் பல்பில் இருப்பது சூடாகி ஒளிவிடும் கம்பி, கரண்ட் ஏறி இறங்கினாலும் அந்தச் சூடு சட்டென்று ஆறாது, அதனால் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்தப் பொறுமை கிடையாது, கரண்ட் நின்றால் அந்தக் கணமே அணையும்.

நண்பன் ஒருவன் "மச்சான், டேரெக்டா பேட்டரியில குடுத்துடு" என்றான். கொடுத்தேன். துடிப்பு நின்றது, வெளிச்சம் பால் மாதிரி வந்தது, இரண்டு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். மூன்றாம் நாள் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. நான்காம் நாள் ராத்திரி பன்னிரண்டரைக்கு, சரியாக அந்த ஏழு கிலோமீட்டரின் நடுவில், லைட் மெழுகுவத்தி மாதிரி மெல்ல மெல்ல மங்கிச் செத்தது. கிக்கர் வண்டி என்பதால் இன்ஜின் ஓடியது, வெளிச்சம் மட்டும் இல்லை. போனில் டார்ச் போட்டு, போனை வாயில் கவ்விக்கொண்டு, முதல் கியரில் வீடு வந்தேன்.

காரணம் வெறும் வகுத்தல் கணக்கு. நாற்பது வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். என் பேட்டரி மேல் எழுதியிருந்தது 2.5 ஏஎச், அதாவது 2.5 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும். சார்ஜ் ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. சார்ஜ் ஏறுகிறதே என்றால், அந்தச் சின்னக் காயில் ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் என்று அளந்து வைத்தது, ஹெட்லைட்டைச் சுமக்க இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் பெரிய பேட்டரி ஒன்றைத் திணித்து, சீட்டுக்கு அடியில் வயர் வைத்துக் கட்டி, மறுபடி அதே பல்பை ஓட்டினேன். பேட்டரி பெரியதானால் சாவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். வாரம் ஒரு தரம் கழற்றி சார்ஜ் போட்டேன். அதை நிறுத்த வைத்தவர் ஒரு பால்காரர்.

மார்கழி, விடியற்காலை. சொசைட்டிக்குப் பால் எடுத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் எதிரே வந்தார். நான் டிம்மில்தான் போனேன், சத்தியமாக டிம்மில்தான். ஆனாலும் அவருக்கு என் வண்டி முழுக்க ஒரு வெள்ளைப் பந்தாகத்தான் தெரிந்திருக்கும். தாரிலிருந்து இறங்கினார், சரளையில் சறுக்கினார், வண்டி சாய்ந்தது, கேன் ஒன்று மூடி திறந்து உருண்டு பால் மண்ணில் ஓடியது. ஓடிப்போய்த் தூக்கினேன். அடி எதுவும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஏம்பா, உனக்கு ரோடு தெரியணும், சரி. எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். கொட்டிய பாலுக்குக் காசு கொடுத்தேன், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நேராகப் பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் டூமைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பழைய ஹாலஜன் பல்பையும் என் எல்இடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "தம்பி, இங்க பாரு. இந்தக் கம்பி எங்க இருக்குது? இந்தச் சிப் எங்க இருக்குது?" ஹாலஜனில் கம்பி ஒரு நூல் அளவு, டிம்முக்குரிய கம்பிக்கு அடியில் ஒரு சின்னத் தகடு தொட்டில் மாதிரி இருக்கும், கீழே போகிற வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் டிம் லைட் எதிரில் வருபவர் கண்ணுக்கு ஏறாமல் ரோட்டில் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு மடிப்பும் அந்தக் கம்பி அந்த இடத்தில் இருக்கும் என்று நம்பி வார்த்தது. சிப் அரை விரல் அகலத்துக்கு, கொஞ்சம் முன்னே பின்னே உட்கார்ந்தால், வெளிச்சம் மரத்துக்கும் போகும், வானத்துக்கும் போகும், பால்காரர் கண்ணுக்கும் போகும், போக வேண்டிய ரோட்டுக்கு மட்டும் குறைவாகப் போகும். எட்டாயிரம் லூமன் டப்பாவில் இருந்து என்ன பிரயோஜனம்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். புதிதாக 35/35 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று, கம்பெனிப் பல்பு, போட்டார். மஞ்சள் பூத்துப்போன டூம் கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் சேர்த்துப் புதிது மாற்றினார், 720 ரூபாய். பல்பு ஹோல்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஹேண்டில் பக்கம் எர்த் வயர் பச்சைப் பாசி பிடித்துப்போயிருந்தது, அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது காப்பர் வயர் ஒன்றை நேராக சேசிஸுக்கு இழுத்து போல்ட் போட்டார். ஹாலஜனுக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும், துருப்பிடித்த எர்த் அந்தப் பத்தைச் சத்தமில்லாமல் தின்னும். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் இது என் வண்டியா என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியின் ஹெட்லைட்டை நான் பார்க்கவே இல்லை, துருவைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அறுபது வாட் பல்பு போட்டா இன்னும் வருமாண்ணா?" என்று கேட்டேன். "காயில் உங்க மாமனாரு குடுத்தாரா?" என்றார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. விஷயம் இதுதான், 60/55 வாட் எச்4 பல்பு கார்களுக்கும் பெரிய பைக்குகளுக்கும் உரியது, அந்தக் காயில் அவ்வளவு கொடுக்காது, பல்பு மங்கலாகத்தான் எரியும், ஹோல்டரும் ஸ்விட்சும் சூட்டில் இளகும்.

யானைப் பயத்துக்கு என்ன செய்வது என்றதற்கு பத்து பத்து வாட்டில் இரண்டு சின்ன மஞ்சள் ஃபாக் லைட் போடச் சொன்னார். ஜோடி 600 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1.7 ஆம்பியர், அந்த ஏழு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம் எரிந்தால் பேட்டரியிலிருந்து அரை ஏஎச்சுக்கும் குறைவாகத்தான் போகும், பகலில் ஓடும்போது ஏறிக்கொள்ளும். லெக் கார்டில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, மூக்கைக் கீழே குனிந்து வைத்தோம். வெள்ளையை விட மஞ்சள் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ராயக்கோட்டைப் பக்கத்து மார்கழிப் பனிதான். ஆறாயிரம் கெல்வின் வெள்ளை பனியில் பட்டு அப்படியே முகத்துக்குத் திரும்பி வரும், சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து ஓட்டுவது மாதிரி.

வயரிங்கை மட்டும் யாராவது "முறுக்கி டேப் சுத்திடலாம்" என்றால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நாலு கால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச்) ஒன்று, 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, ஸ்விட்ச், நல்ல வயர், எல்லாம் 380 ரூபாய்க்குள் முடிந்தது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30 என்று எழுதிய காலுக்கு. 87-லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக ஒரு இணைப்பு. 1.7 ஆம்பியருக்கு ரிலே அவசியமே இல்லை என்று யாராவது சொன்னால், சரிதான். ஆனால் சாவியை எடுத்தால் லைட் தானாக அணையும், பேட்டரி பிழைக்கும், ஸ்விட்சும் சூடாகாது, 120 ரூபாய்க்கு இது போதும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசும்போது அது எதையும் காப்பாற்றாது.

லைட்டைக் குறி பார்த்து வைத்தது மாட்டுக்கொட்டகைச் சுவரில். ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருக்கும்படி திருகினேன். அப்புறம் அப்பாவைப் பின்னால் உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்ததும் பின்ஷாக் இறங்கி வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஓட்டுக்கு ஏறிவிட்டது. தனியாளாக வைத்துக் குறி பார்த்துவிட்டு இரண்டு பேராகப் போகிறவர்கள் எல்லோரும் ஊரின் கண்ணில் அடித்துக்கொண்டேதான் போகிறார்கள். மறுபடி இறக்கினேன். அப்பா ஆள் அசையாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார், நடுவில் "பெட்ரோல் எரியுதுடா" என்று மட்டும் சொன்னார்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்டயர் ஓரத்தில் 1815 என்று இருந்தது, அதாவது 2015-ஆம் வருஷம் பதினெட்டாவது வாரத்தில் செய்தது. டயர் மேலே இருக்கிற பட்டன் நன்றாகவே இருந்தது, ரப்பர்தான் செருப்புக்கடை அட்டை மாதிரி ஆகியிருந்தது. செகண்ட் வண்டி வாங்கும்போது பட்டனைப் பார்க்காதீர்கள், அந்த நாலு எண்ணைப் பாருங்கள். 3.00-18 அளவில் நைலோகிரிப் டயர் போட்டேன், அதற்கு மேல் அகலமாகப் போடச் சொன்ன நண்பனின் பேச்சைக் கேட்கவில்லை, இந்த ரிம்முக்கு அது உடம்பு கிள்ளின மாதிரி உட்காரும், வளைவில் குழையும்.

செயினில் மறுபடி ஒரு முட்டாள்தனம். பெயர் தெரியாத கிட் ஒன்று 550 ரூபாய்க்குக் கிடைத்தது என்று போட்டேன், நாலே மாதத்தில் தொங்கி, செயின் கவரில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. இரும்பு இழுபட்டு நீளவில்லை, ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, அந்த நூலளவு தேய்மானங்கள் நூற்றுச் சொச்சம் கண்ணியில் கூடி விரலளவு நீளமாகிறது. அடுத்து 1,150 கொடுத்து நல்ல கிட், முன்பல் பின்பல் செயின் மூன்றும் சேர்த்து. பிரேக் ஷூ இரண்டு பக்கமும் 420. இந்த வண்டியில் டிஸ்க் கிடையாது, 130 மில்லிமீட்டர் டிரம்தான், ஷூவும் கேபிளும் சரியாக இருந்தால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். சீட் கவர், மிர்ரர், கிரிப் எல்லாம் ஆசைக்கு. பெங்களூரு ஜே.சி. ரோடு போனால் பாதி விலை என்று சொன்னார்கள், வார லீவில் ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன், இந்த மாதிரி சின்னச் சாமானுக்கு மிஞ்சியது பஸ் காசுக்கும் ஒரு மசால் தோசைக்கும் சரியாகப் போனது. ஷாக், அலாய் வீல் என்று பெரிய சாமான் வாங்குகிறவர்களுக்கு வேண்டுமானால் லாபம்.

சைலன்சர் மாற்றச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். மாட்டேன். 97 சிசி வண்டிக்கு எதற்கு அந்தக் கத்தல், யானைக்குச் சொல்லி அனுப்பவா. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது, அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று ஆனது. என் ஃபாக் லைட்டைக் காட்டி நாளைக்கு ஒரு எஸ்ஐ கேட்டால் நானும் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் மெயின் ரோட்டில் அதைப் போடுவதே இல்லை, மூடி மாட்டித்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்று, ஸ்டைலுக்காகச் சேலை கார்டைக் கழற்றுகிறவர்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மறைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. விதியை விடுங்கள், அம்மா பின்னால் உட்காருகிறார்.

எல்லாம் சேர்த்துக் கூலியோடு எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று, பாதி நான் கற்றுக்கொண்டதற்கான ஃபீஸ். முன் ஃபோர்க்கில் இடது பக்கம் ஆயில் சீல் கசிகிறது, ஹேண்டில் திரும்புகிற கோன் செட்டும் லேசாகத் தட்டுகிறது, இரண்டும் தீபாவளி போனஸில்தான்.

அந்த எல்இடி பல்பை அப்பா தூக்கிப் போட விடவில்லை. டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்றில் அதை மாட்டி, கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், கரண்ட் போன ராத்திரிகளில் பால் கறக்க. நல்ல டிசி, துடிப்பே இல்லை, கொட்டகை முழுக்கப் பகல் மாதிரி இருக்கிறது. மாடு மட்டும் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது.